சீட்டை எடுத்து கேமரா வாங்கலாமா?

கேள்வி: வணக்கமுங்க அண்ணா. சொந்த ஊர் கோபி பக்கம், வயசு 26, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 23,000. வீட்டுக்கு 9,000 அனுப்புகிறேன், ரூம், மெஸ், பெட்ரோலுக்கு 6,500 ஆகிவிடுகிறது, ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டுக்குக் கழிவு போக மாதம் சுமார் 4,500 கட்டுகிறேன். 20 மாதச் சீட்டில் 11 முடிந்தது. பேங்கில் 41,000 இருக்கிறது. முதல் டிஎஸ்எல்ஆர் வாங்க ஆசை. கடையில் கேனான் 1500டி, இரண்டு லென்ஸ் (18-55, 55-250), பேக், ட்ரைபாட், கூடுதல் வாரண்டி எல்லாம் சேர்த்து 60,000, மாதம் 5,700 வீதம் 12 தவணை, 14% வட்டிதான் என்கிறார்கள். இல்லையென்றால் சீட்டை இப்போதே 16,000 தள்ளி (ஏலத்தில் விட்டுக்கொடுத்து) எடுத்து ரொக்கமாக வாங்கிவிடலாமா? அந்தச் சீட்டு தை மாதம் தங்கை கல்யாணத்துக்கு வைத்தது. நண்பர் ஒருவர் பழைய நிக்கான் டி3500-ஐ 18-55 லென்ஸோடு 24,000-க்கும், 50எம்எம் 1.8டி லென்ஸை 4,000-க்கும் தருகிறேன் என்கிறார். ஊரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணன், கேமராவோடு வந்தால் கல்யாணத்துக்கு ஒரு நாளைக்கு 1,500 தருவதாகச் சொல்லியிருக்கிறார். எதை வாங்கட்டுமுங்க?

பதில்: தம்பி, சீட்டைத் தொடாதீர்கள். தவணையும் வேண்டாம். நண்பரின் டி3500 சரியாக இருந்தால் அதை வாங்குங்கள், ஆனால் அந்த 4,000 ரூபாய் லென்ஸை மட்டும் விட்டுவிடுங்கள்.

முதலில் தவணைக் கணக்கைப் பார்ப்போம், நீங்கள் எழுதிய எண்களை வைத்தே. 23,000-த்தில் 9,000, 6,500, 4,500 போனால் மிச்சம் 3,000. தவணை 5,700. மாதம் 2,700 துண்டு விழுகிறது, அதை அடைக்க மாதம் இரண்டு கல்யாணம் போயாக வேண்டும், அப்படிப் போனாலும் உங்கள் கையில் 300 ரூபாய்தான் நிற்கும். நீங்கள் எழுதியிருப்பது ஆனியில், முதல் தவணை ஆடியில் வரும். ஆடியில் எந்த வீட்டில் கல்யாணம் வைக்கிறார்கள்? புரட்டாசி, மார்கழியும் அப்படித்தான். முகூர்த்த மாதங்களிலும் நாள் ஞாயிறாகப் பார்த்து வருவதில்லை, புதன் வியாழனில் வந்தால் ஷிப்மென்ட் நேரத்தில் உங்கள் கம்பெனியில் லீவு கொடுப்பார்களா, கொடுத்தாலும் சம்பளம் பிடிப்பார்களா என்பது உங்களுக்குத்தான் தெரியும். 1,500-ஐ முப்பதால் பெருக்கிப் பார்த்து மனசுக்குள் சந்தோஷப்பட்டிருந்தால் அதை இப்போதே அழித்துவிடுங்கள். தவணைக்காரனுக்கு ஆடி, மார்கழி கிடையாது, பன்னிரண்டு மாதமும் தேதி தவறாமல் எடுப்பான்.

அப்புறம் அந்த 14%. 60,000-த்துக்கு ஒரு வருஷத்துக்கு 14% என்றால் 8,400, மொத்தம் 68,400, பன்னிரண்டால் வகுத்தால் 5,700. கணக்கு சரிதானே என்று தோன்றும். ஆனால் ஆறு மாதம் முடியும்போது நீங்கள் அசலில் பாதிக்குக் கிட்டத்தட்ட கட்டியிருப்பீர்கள், அப்போதும் வட்டி முழு 60,000-த்துக்கே ஓடுகிறது. குறையும் பாக்கிக்கு மட்டும் வட்டி என்று கணக்குப் போட்டால் இது வருஷத்துக்குச் சுமார் 25%. செயலாக்கக் கட்டணம் தனி. ‘வட்டியே இல்லை’ என்று வேறு கடையில் சொன்னாலும், முழுப் பணமும் இப்போதே கட்டினால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள், வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்று அந்தப் பதிலில் வந்துவிடும். பூஜ்ய வட்டி என்பதே இல்லாத ஒன்று என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது.

சீட்டு விஷயம். இப்போது 16,000 தள்ளினால் கைக்கு 84,000. தை வரை பொறுத்தால் பதினேழு, பதினெட்டாம் சீட்டு ஆகிவிடும், போட்டி குறைந்து தள்ளும் இறங்கும், அப்போது ஐயாயிரம் ஆறாயிரத்தில் எடுத்துவிடலாம். அவசரத்துக்கு நீங்கள் கொடுக்கும் விலை பத்தாயிரம். எடுத்த பிறகும் மீதித் தவணையைக் கட்டித்தான் ஆக வேண்டும், ஆக அதுவும் ஒரு கடன்தான். இதையெல்லாம் விடப் பெரிய விஷயம், தையில் நகைக்கடைக்கும் மண்டபத்துக்கும் சீருக்கும் பணம் எடுத்து வைக்கும்போது கேமராவைக் காட்ட முடியாது. (அந்தச் சீட்டு பதிவு பண்ணியதுதானா? 1982 சட்டப்படி சீட்டுக்குப் பதிவு வேண்டும், நடத்துபவர் கமிஷன் 7%-க்கு மேல் போகக் கூடாது. பாஸ் புத்தகத்தை எடுத்து ஒரு தடவை பாருங்கள்.)

சரி, கேமரா. டி3500 வந்தது 2018-ல், இப்போது தயாரிப்பில் இல்லை. கம்பெனிகள் எல்லாம் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத புது வகை கேமரா) பக்கம் போய்விட்டன, அதனால்தான் டிஎஸ்எல்ஆர் இந்த விலைக்குக் கிடைக்கிறது, கற்றுக்கொள்கிறவருக்கு அது நல்லதுதான். 24 மெகாபிக்சல், கல்யாண ஆல்பத்துக்குத் தாராளம். இரண்டு வருஷம் கழித்து விற்றாலும் 24,000-க்கு வாங்கியதில் நஷ்டம் சில ஆயிரங்களோடு நிற்கும், 60,000-க்குப் புதிதாக வாங்கினால் கடை வாசலைத் தாண்டும்போதே அந்த அளவு போய்விடும்.

லென்ஸ் கதை வேறு. நண்பர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் 50எம்எம் 1.8டி-க்குள் மோட்டார் கிடையாது, கேமரா பாடியில் இருக்கும் மோட்டார்தான் அதைத் திருப்ப வேண்டும், டி3500 பாடியில் அந்த மோட்டார் இல்லை. மாட்டினால் பொருந்தும், படமும் வரும், ஆட்டோ ஃபோகஸ் மட்டும் வராது. வீட்டில் பூவையும் பூனையையும் எடுக்கக் கையால் திருகிக்கொள்ளலாம். கெட்டிமேளம் கொட்டி, நாலாபக்கமும் அட்சதை பறந்து, வீடியோக்காரர் முழங்கை உங்கள் தோளில் இடிக்கும்போது திருகிக்கொண்டு இருந்தால் தாலி மங்கலாகவும் பின்னால் இருக்கிற வாழைமரம் தெளிவாகவும் வரும். நிக்கான் லென்ஸில் ‘ஏஎஃப்-எஸ்’ அல்லது ‘ஏஎஃப்-பி’ (மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கும் வகை) என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கூட வரும் 18-55-ஐ மட்டமாக நினைக்க வேண்டாம். அதன் குறை வெளிச்சத்தில்தான். 55-ல், அதாவது முழு ஜூமில் வைத்தால் எஃப் 5.6-க்குக் கீழே திறக்காது (எஃப் எண் சிறிதாக ஆக வெளிச்சம் கூடும்), 1.8 லென்ஸ் முழுசாகத் திறந்தால் அதைவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். ஃபிளாஷ் இல்லாமல் மணப்பெண் அறையில் எடுக்கும்போது இந்த வித்தியாசம் தெரியும். ஆகவே இரண்டாவது லென்ஸ் வேண்டும்தான், ஆனால் இன்றைக்கு இல்லை. நாலைந்து விசேஷத்துக்கு 18-55-ஐ மட்டும் எடுத்துப் போங்கள். வீட்டுக்கு வந்து நன்றாக வந்த படங்களை மட்டும் கம்ப்யூட்டரில் திறந்து, ஒவ்வொன்றும் எத்தனை எம்எம்-ல் எடுத்தது என்று பாருங்கள், ஃபைல் விவரத்திலேயே இருக்கும். பெரும்பாலும் 30, 40-ஐச் சுற்றி வந்தால் 35எம்எம் 1.8ஜி, 55-லேயே முட்டிக்கொண்டு நின்றால் 50எம்எம் 1.8ஜி (இரண்டுமே ஏஎஃப்-எஸ் வகைதான்). என் கணிப்பு 35. டி3500 சென்சார் சிறியது, எந்த லென்ஸும் அதில் ஒன்றரை மடங்கு நெருக்கமாகக் காட்டும், 50 போட்டால் 75 மாதிரி ஆகிவிடும், மணமேடைக்கு முன்னால் சொந்தக்காரர்கள் நெருக்கிக்கொண்டு நிற்கையில் பின்னால் போக இடம் எங்கே? இந்த இரண்டு லென்ஸும், நாளைக்கு நிக்கான் மிரர்லெஸ்ஸுக்கு மாறினாலும், எஃப்டிஇசட் அடாப்டர் போட்டால் ஆட்டோ ஃபோகஸோடு வேலை செய்யும்.

55-250 மாதிரி தூர லென்ஸ் நஞ்சராயன் குளத்தில் பறவை பார்க்கப் போகிறவருக்கு ஆசையைக் கிளப்பும், எனக்கும் புரிகிறது. அது வருமானம் தராத லென்ஸ். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வாடகைக்கு எடுத்துப் பாருங்கள், அப்புறமும் ஆசை அடங்கவில்லையென்றால் அடுத்த வருஷம் பேசலாம்.

பணம் எப்படிப் போகும் என்றால், 24,000 கேமராவுக்கு, ஒரு நல்ல மெமரி கார்டுக்கும் இன்னொரு பேட்டரிக்கும் 3,000. பேங்கில் 14,000 நிற்கும். அது எனக்குப் போதவில்லை. ஆகவே கல்யாண வருமானம் முதலில் பேங்குக்குப் போகட்டும், 25,000 ஆகும் வரை, ஏழெட்டு நாள் வேலைதான், ஆவணியில் ஆரம்பித்தால் கார்த்திகைக்குள் முடியலாம். அதற்கு மேல் வருவதுதான் லென்ஸுக்கு. ட்ரைபாட் இப்போது எதற்கு?

பணம் கொடுக்கும் முன் ஸ்டுடியோ அண்ணனைக் கூட்டிக்கொண்டு பகல் வெளிச்சத்தில் போய்ப் பாருங்கள். லென்ஸைக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள், சிலந்தி வலை மாதிரி இழை இருந்தால் பூஞ்சை. எஃப் 22 வைத்து வெறும் வானத்தை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்குங்கள், புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் சென்சாரில் தூசு, சுத்தம் பண்ணும் செலவை விலையில் குறைக்கச் சொல்லலாம். அதே ஃபைலில் எத்தனை கிளிக் ஓடியிருக்கிறது என்ற எண்ணும் இருக்கும். இந்த மாடல் ஷட்டர் ஒரு லட்சம் வரை சோதிக்கப்பட்டது, எண்பதாயிரம் ஓடியிருந்தால் 24,000 அதிகம், முப்பதாயிரத்துக்குள் என்றால் பேரம் பேசாமலே கொடுக்கலாம். பில்லில் இருக்கும் சீரியல் நம்பரும் பாடிக்கு அடியில் இருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். பில் தொலைந்துவிட்டது என்றால், நண்பரே புதிதாக வாங்கியதா, அவரும் இன்னொருவரிடம் வாங்கியதா என்று கேட்டுவிடுங்கள். இரண்டாவது பதில் வந்தால் வேறு கேமரா பாருங்கள்.