டிரிஃப்ட் கார் ஏன் காலை அகட்டி நிற்கிறது? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பின்பக்கத்தை வழுக்கவிட்டே வளைவில் ஓட்டும் ஜப்பான் டிரிஃப்ட் வீடியோக்களில் பழைய நிசான் சில்வியாக்களின் முன் சக்கரங்கள், புதிதாகப் பிறந்த கன்றுக்குட்டி காலை அகட்டி நிற்பதுபோல, மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருக்கின்றன. பின் சக்கரங்களோ ஏறக்குறைய நேராக இருக்கின்றன. இதெல்லாம் ஸ்டைலுக்கா?

பதில்: ஸ்டைலுக்குச் சாய்ப்பவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் போட்டிக்கு வரும் வண்டியில் காரணம் வேறு. கார் இடப்பக்கம் வளைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் வழுக்கி வெளியே போகிறது, ஓட்டுநர் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் ஒடிக்கிறார், முன்பக்கத்து எடையில் பெரும்பகுதி வலது சக்கரத்தின் தலையில் விழுகிறது. இந்த இடத்தில்தான் காஸ்டர் வருகிறது. சைக்கிளின் முன் ஃபோர்க் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறதே, அதே சாய்வு காரிலும் உண்டு, அதைத்தான் காஸ்டர் என்கிறோம். இந்தச் சாய்வு இருப்பதால் ஸ்டீயரிங்கை ஒடித்தால் சக்கரம் திரும்புவதோடு நிற்காது, திரும்புகிற பக்கமே சாயவும் செய்யும். நம்பிக்கை இல்லையென்றால் உங்கள் காரை நிறுத்தி, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் கடைசிவரை ஒடித்துவிட்டு, இறங்கி முன்னால் குத்துக்காலிட்டுப் பாருங்கள், கண்ணுக்கே தெரியும்.

சாதாரண வளைவில் இது நமக்குச் சாதகம், ஏனென்றால் எடை தாங்குகிற வெளிச் சக்கரம் உள்பக்கமாகச் சாய்ந்து தரையைப் பிடிக்கும். டிரிஃப்டில் ஸ்டீயரிங் எதிர்ப்பக்கம் ஒடிந்திருப்பதால் கதை தலைகீழ். எடை தாங்குகிற வலது சக்கரத்தின் மேல்பக்கம் வெளியே சாயும், டயரின் வெளி ஓரம் மட்டும் தரையில் தேயும், முன்பக்கம் பிடி விட்டுப் போகும். அதற்கு ஈடுகட்டத்தான் நேராக நிற்கும்போதே 3 முதல் 5 டிகிரி வரை நெகட்டிவ் கேம்பர், அதாவது மேல்பக்கம் உள்ளே சாய்கிற சாய்வு, வைத்துவிடுகிறார்கள். முழு ஒடிப்பில் அந்தச் சாய்வு கழிந்து, டயர் கிட்டத்தட்ட சமமாகப் படியும். நிற்கிற வண்டியின் அழகை வைத்து இதை எடை போடவே கூடாது.

கேள்வி: வம்பே காஸ்டரால்தான் என்றால் அதைக் குறைத்துவிட வேண்டியதுதானே?

பதில்: குறைத்தால் ஸ்டீயரிங் செத்துப்போகும். கிளட்ச்சை ஒரு உதை உதைத்துப் பின்பக்கம் வழுக்க ஆரம்பித்ததும், தேர்ந்த ஓட்டுநர் ஸ்டீயரிங்கைச் சுற்றுவதில்லை, கையைத் தளர்த்திவிடுகிறார். கார் போகிற திசையைத் தேடி ஸ்டீயரிங் தானே விர்ரென்று சுழலும், வேண்டிய இடத்தில் பிடித்துக்கொள்வதுதான் அவர் வேலை. அந்தச் சுழற்சிக்கு முக்கியக் காரணம் காஸ்டர். அது போதாவிட்டால் கையால் சுற்ற வேண்டும், ஒரு நொடி தாமதித்தாலும் கார் அப்படியே சுழன்றுவிடும். அதனால் 6, 7 டிகிரி, சிலர் அதற்கு மேலும் வைக்கிறார்கள். சில்வியா எஸ்13-இல் சக்கரத்தின் கீழ்ப்பகுதியை முன்பக்கமிருந்து பிடித்திருக்கும் டென்ஷன் ராடைக் கழற்றி, மரை போட்ட ராடை மாட்டி, நீளத்தைக் குறைத்தால் சக்கரம் முன்னே நகர்ந்து காஸ்டர் கூடும். ரொம்ப ஆசைப்பட்டால் டயர் பம்பரின் உள்பக்கத்தில் உரசும், அது வேறு தலைவலி. என்னைக் கேட்டால் எல்லாரும் கேம்பரையே பேசிக்கொண்டிருக்கிறார்கள், வண்டி கைக்குப் பழகுவது காஸ்டரில்தான்.

கேள்வி: டோ? பின் சக்கரங்கள்?

பதில்: முன்னால் டோ பூஜ்யம் அல்லது கொஞ்சம் டோ-அவுட், அதாவது சக்கரங்களின் முன்விளிம்பு லேசாக வெளியே பார்க்கும். ஸ்டீயரிங்கைத் தொட்டதும் கார் திரும்பும், நேர்ச்சாலையில் அலையும். பின்னால் லேசான டோ-இன், கேம்பர் பூஜ்யத்தை ஒட்டி. இஞ்சின் சக்தியைத் தரைக்குக் கொண்டுபோவது அந்த டயர்கள்தான், அகலம் முழுக்கப் படிந்தால்தான் கார் முன்னே ஓடும், இல்லாவிட்டால் ஒரே இடத்தில் புகைதான். பின்னால் டோ-அவுட் வேண்டவே வேண்டாம், சொல்லாமல் கொள்ளாமல் சுழற்றிவிடும். எஸ்13-ஐத் தாழ்த்தினால் பின் சக்கரங்கள் தாமாகவே உள்ளே சாயும், டோவும் மாறும், எனவே உயரத்தை முடிவு செய்த பிறகே அலைன்மென்ட். காஸ்டர், கேம்பர், கடைசியில் டோ என்ற வரிசையில் போங்கள், முதல் இரண்டைத் தொட்டால் டோ கலைந்துவிடும். ஜப்பானின் பிரபல டிரிஃப்ட் ஓட்டுநர் கெய்ச்சி ட்சுச்சியா பேர் வாங்கிய டொயோட்டா ஏஇ86-க்குப் பின்னால் ஒரே துண்டு ஆக்சில், அங்கே நாம் திருக ஒன்றும் கிடையாது.

கேள்வி: என் முன்சக்கர இயக்க ஹேட்ச்பேக்கில் இதே செட்டிங் வைக்கலாமா?

பதில்: வைத்தாலும் டிரிஃப்ட் வராது, ஆக்சிலரேட்டரை மிதித்துப் பின்பக்கத்தை வழுக்கவைக்க அந்த வண்டியால் முடியாது. பெரும்பாலும் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடைத் திருகி முன் டோவை மட்டும்தான் மாற்றவும் முடியும். டை ராட் எண்டு மாற்றிய பிறகு அலைன்மென்ட் பார்க்காமல் ஒரு மழைக்காலம் முழுக்க நான் ஓட்டியிருக்கிறேன். வெளியே இருந்து பார்த்தால் டயர் பட்டன் புதுசு மாதிரி இருந்தது, உள்பக்கம் கையை விட்டுத் தடவினால் ரம்பப் பல், ஓரத்தில் கம்பி குத்தியது.