பூஸ்ட் ஏற்றிய சுபாரு இம்பிரேசா டபிள்யூஆர்எக்ஸுக்கு ‘ஸ்டேஜ் 3’ கிளச் பிளேட் மட்டும் வாங்கிப் போடலாமா?

வேண்டாம் தம்பி. உங்களுடையது 2003ஆம் ஆண்டு ஐந்து கியர் வண்டி. பூஸ்டை, அதாவது டர்போவின் காற்றழுத்தத்தை, ஏற்றியபிறகு ஆனையிறவு நேர்ரோட்டில் நான்காம் கியரில் மிதித்தால் ஆர்பிஎம் துள்ளுகிறது, வேகம் கூடவில்லை என்கிறீர்கள். கிளச் நழுவுகிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் பஞ்சிகாவத்தையில் மலிவு என்று பிளேட்டை ஒரு கடையிலும் அதை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட்டை இன்னொரு கடையிலும் வாங்கினால் காசு இரண்டு தரம் போகும்.

‘ஸ்டேஜ்’ கணக்கை நம்பாதீர்கள். அதற்குப் பொது அளவு கிடையாது, ஒவ்வொரு கம்பனியும் தன் பாட்டுக்குப் போடுகிற இலக்கம். எக்செடி கம்பனியில் 1 என்றால் ஓகானிக் (சாதாரண வண்டியில் வருகிற மாதிரி உராய்வுப் பொருள்), 2 என்றால் செராமிக் கலந்த உலோகத் துண்டுகள். இன்னொரு கம்பனியின் 2 வேறு சாமானாக இருக்கலாம். கேட்க வேண்டியது எவ்வளவு டோர்க் (முறுக்கு விசை) தாங்கும் என்பதை. குதிரைவலுவைக் கேட்டும் பயனில்லை. டர்போ வண்டியில் டோர்க் உச்சத்துக்கு வருகிற நடு ஆர்பிஎம்மில்தான் கிளச் நழுவும். டைனோ என்ற வலு அளக்கிற மெஷின் தருகிற தாளில் சில்லுக்கு 340 நியூட்டன் மீற்றர் என்று இருந்தால், வழியில் போகிற இழப்பையும் சேர்த்து என்ஜினில் 400ஐத் தாண்டும். அதற்கு மேல் ஒரு 20 வீதம் விட்டு, 500 தாங்குகிற செட்டைத் தேடுங்கள். அமெரிக்கச் சாமான்களில் பவுண்ட்-அடிக் கணக்கு இருக்கும், 1.356ஆல் பெருக்கிப் பாருங்கள்.

இனித்தான் பொருத்தம். உங்கள் ஆண்டு டபிள்யூஆர்எக்ஸ் ஐந்து கியருக்கு 230 மிமீ, புல் டைப்; ரிலீஸ் பெயாரிங் இழுத்துக் கிளச்சை விடுவிக்கும். 2006இலிருந்து வந்ததும் அதே 230 மிமீதான், ஆனால் புஷ் டைப், பெயாரிங் தள்ளி விடுவிக்கும். அளவு ஒன்றுதானே என்று மாறி வாங்கினால் ரிலீஸ் பெயாரிங் கொழுவவே கொழுவாது. இதே வண்டியின் வேக ரகமான எஸ்டிஐ ஆறு கியருக்கு 240 மிமீ, அந்தப் பக்கமே போகாதீர்கள். இன்னொன்று, இங்கே பல வண்டிகளில் ஹாஃப் கட்டில் (பாதியாக வெட்டி இறக்கிய பழைய வண்டியில்) வந்த கியர்பொக்ஸ் ஏறியிருக்கிறது. வண்டிப் புத்தகத்தில் உள்ள ஆண்டை வைத்து ஓடர் கொடுக்காமல், கீழே படுத்துக் கியர்பொக்ஸைப் பார்த்த பிறகு கொடுங்கள்.

நான் என்றால் ஓகானிக் பிளேட்டும் அழுத்தம் கூடிய பிரஷர் பிளேட்டும் சேர்ந்த ஒரே கம்பனி செட்டைத்தான் எடுப்பேன். பெடல் கொஞ்சம் பாரமாகும், பழகிவிடும். செராமிக் துண்டுப் பிளேட் நன்றாகப் பிடிக்கும், ஆனால் மெதுவாக விட்டு எடுக்க முடியாது, உதறும். நல்லூரில் கொடியேறி, வீதி மூடி, ஒழுங்கைக்குள் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது அதன் அருமை தெரியும்! அதைவிடப் பெரிய விஷயம், அந்த ஐந்து கியர் பொக்ஸ் பலத்துக்குப் பேர் போனது அல்ல. நழுவுகிற கிளச் ஒருவகையில் பியூஸ் மாதிரி. அது நழுவாவிட்டால் அடி நேரே கியர்ப் பல்லில் விழும்.

செட்டோடு ரிலீஸ் பெயாரிங், பைலட் பெயாரிங், கிராங்கின் பின்பக்க ஒயில் சீல் மூன்றையும் மாற்றுங்கள். கியர்பொக்ஸ் இறக்குகிற கூலிதான் அதிகம், சீல் சில்லறைக் காசு. பிளேட் அழுந்துகிற பிளைவீலை லேத்தில் கொடுத்து முகத்தை மட்டமாக்க வேண்டும். பூட்டிய பிறகு 800 கிலோமீற்றராவது டவுன் ஓட்டம், பூஸ்ட் இல்லாமல். ஏ9 வீதியில் ஒரே கியரில் கொழும்புக்குப் போய்வந்த தூரம் இதில் சேராது. கிளச் விட்டு எடுக்கிற தடவைதான் பிளேட்டைப் படிய வைக்கும்.

மெக்கானிக் சுபாரு பழகாதவர் என்றால் முதலே சொல்லுங்கள்: புல் டைப்பில் போர்க் (ரிலீஸ் பெயாரிங்கை நகர்த்துகிற கவை) பெயாரிங்கோடு கொழுவி நிற்கும். கிளச்சை மூடியிருக்கிற பெல் ஹவுசிங்கின் பக்கத்தில் உள்ள மூடியை 10 மிமீ அலன் கீயால் கழற்றி, உள்ளே இருக்கும் போர்க் தண்டில் 6 மிமீ போல்ட் ஒன்றை முறுக்கி வெளியே இழுக்க வேண்டும். அதைச் செய்யாமல் கியர்பொக்ஸை லீவர் போட்டு நெம்பினால் போர்க்கோ ஹவுசிங்கோ உடையும்.