சர்வே கேள்வி பதில்: லெவலிங் ஏன் டேலி ஆவதில்லை?

கேள்வி: சிவில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சர்வே பிராக்டிகலில் லெவலிங் (இடங்களின் உயர வித்தியாசத்தை அளப்பது) எடுத்தால் ஒவ்வொரு முறையும் விடை மாறுகிறது. ஃபார்முலா எல்லாம் தெரியும். எங்கே தப்பு?
– மாணவி, பெரம்பலூர்

பதில்: ஃபார்முலாவை விடுங்கள், ஸ்டாஃப், அதாவது அளவு குறித்த நெடுங்கோல், பிடிக்கிறவரைப் பாருங்கள். பாதித் தப்பு அங்கேதான் நடக்கிறது. ஸ்டாஃப் கொஞ்சம் சாய்ந்தாலும் ரீடிங் கூடிவிடும், அதனால் மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டச் சொல்லி அதில் வரும் மிகக் குறைந்த ரீடிங்கை எழுதுங்கள். லெவலை, அதாவது ஸ்டாஃபைப் பார்த்துப் படிக்கும் தொலைநோக்கிக் கருவியை, இடம் மாற்றும்போது ஸ்டாஃப் நிற்கும் புள்ளி இம்மிகூட அசையக் கூடாது, ஈர மண்ணில் வைக்காமல் ஒரு கல்லின் மேல் வையுங்கள்.

அடுத்தது கண். முதலில் ஐபீஸைத் திருகி குறுக்குக் கம்பி கறுப்பாகத் தெளியட்டும், பிறகுதான் ஸ்டாஃபுக்கு ஃபோகஸ். தலையை லேசாக மேலும் கீழும் அசைத்தால் ரீடிங் மாறுகிறதா? பார்லாக்ஸ் இன்னும் இருக்கிறது, மறுபடி ஃபோகஸ் செய்யுங்கள்.

கணக்கு இவ்வளவுதான். பெஞ்ச்மார்க், அதாவது மட்டம் தெரிந்த புள்ளி, 100.000 மீட்டர்; அதில் பேக்சைட், அதாவது கருவியை வைத்ததும் எடுக்கும் முதல் ரீடிங், 1.250 என்றால் கருவியின் உயரம் 101.250. அடுத்த புள்ளியில் ஃபோர்சைட், அதாவது கருவியை நகர்த்தும் முன் எடுக்கும் கடைசி ரீடிங், 2.105, ஆகவே அதன் மட்டம் 99.145. கருவியை மாற்றி வைத்து அதே புள்ளியில் பேக்சைட் 0.895, கடைசிப் புள்ளியில் ஃபோர்சைட் 1.340, மட்டம் 98.700. இப்போது பேக்சைட் மொத்தம் 2.145, ஃபோர்சைட் மொத்தம் 3.445, வித்தியாசம் 1.300 இறக்கம். 100-இலிருந்து 98.700-ஐக் கழித்தாலும் அதே 1.300. சரி, டேலி. ஆனால் இது உங்கள் கூட்டல் கழித்தலுக்கு மட்டுமே சாட்சி. தப்பாகப் படித்த ரீடிங்கைக் காட்டிக்கொடுக்காது. அதற்கு, கிளம்பிய பெஞ்ச்மார்க்கிலேயே திரும்பி வந்து முடிக்க வேண்டும், அல்லது மட்டம் தெரிந்த வேறொரு பெஞ்ச்மார்க்கில் போய் முடிக்க வேண்டும். முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் ஸ்டாஃப் வையுங்கள், கருவியின் கோலிமேஷன் பிழை (பார்வைக் கோடு சரியாகக் கிடைமட்டமாக இல்லாத பிழை) தானாகவே கழிந்துவிடும்.

கேள்வி: எல்லா சைட்டிலும் டோட்டல் ஸ்டேஷன் (தூரத்தையும் கோணத்தையும் சேர்த்தே அளக்கும் மின்னணுக் கருவி) வந்துவிட்டது. இன்னும் சங்கிலி, ஆஃப்செட் என்று படிப்பது நேர விரயம் இல்லையா?
– மாணவர், கோவில்பட்டி

பதில்: இல்லை. உங்கள் ஊர் புலப்படத்தை, அதாவது எஃப்எம்பியை, ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நிலத்தின் குறுக்கே ஒரு கோடு, அதிலிருந்து ஒவ்வொரு மூலைக்கும் ஆஃப்செட், அதாவது செங்குத்தாக அளந்த தூரம். பழைய படங்களில் அளவுகள் லிங்க்கில் இருக்கும். 66 அடிச் சங்கிலியில் 100 லிங்க், 1,000 சதுர லிங்க் ஒரு சென்ட். இது தெரியாமல் எல்லைக் கல்லைத் தேடிப் போனால் கையில் எந்தக் கருவி இருந்தும் பயன் இல்லை.

இன்னொன்று, பெரியதை முதலில் அளந்து அதற்குள் சிறியதை அடைக்க வேண்டும் என்ற ஒழுங்கு. 1802-இல் வில்லியம் லாம்ப்டன் என்ற ஆங்கிலேய சர்வேயர் சென்னையில் பரங்கிமலைப் பக்கம், மற்ற அளவுகளுக்கு ஆதாரமான அடிக்கோடு ஒன்றை சுமார் 12 கிலோமீட்டருக்கு எஃகுச் சங்கிலியால் அளந்தார். அப்புறம் கோணங்களை அளந்தே முக்கோணம் முக்கோணமாக நாட்டுக்குள் போனார், இடையிடையே புது அடிக்கோடு அளந்து சரிபார்த்தும் கொண்டார். டோட்டல் ஸ்டேஷனிலும் அதே வேலைதான். பிரிசம் (கருவியின் ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடி) உயரத்தைக் கருவியில் தப்பாக அடித்தால் அத்தனை மட்டமும் மொத்தமாகத் தப்பும், கருவி ஒரு வார்த்தை சொல்லாது. கழற்றி வைக்கும் முன் மட்டம் தெரிந்த புள்ளி ஒன்றை மறுபடி அளந்து பாருங்கள்.

கேள்வி: லீவில் கருவி இல்லாமல் எப்படிப் பழகுவது?
– மாணவர், சீர்காழி

பதில்: 30 மீட்டர் டேப்பைத் தரையில் விரித்து இயல்பாக நடந்து உங்கள் அடியின் நீளத்தைக் கண்டுபிடியுங்கள். பிறகு தெருவை நடந்தே அளந்து ஸ்கெட்ச் போடுங்கள், வடக்குக் குறியும் தேதியும் மறக்காமல். மட்டத்துக்கு, கொத்தனார்கள் வைத்திருக்கும் லெவல் டியூப் போதும். உள்ளே காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, வீட்டின் நான்கு மூலையிலும் ஒரே மட்டத்தைக் குறித்துப் பாருங்கள்.