படைவீரர் மன்றத்தைப் பழுதுபார்க்கும் முன்

கேள்வி: அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். ஊர் நடுவே 1880-களில் எழுப்பிய ஒரு செங்கல் கட்டடம் பூட்டிக் கிடக்கிறது. உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் இருந்தவர்கள் கூடிய ஜி.ஏ.ஆர். மன்றம் என்று முகப்புக் கல்லில் பொறித்திருக்கிறது. அதை மீட்க ஊராட்சி அமைத்த குழுவில், நான் பொறியாளர் என்பதால் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். சுவரில் செங்கல் பொடிந்து உதிர்கிறது. செங்கற்களுக்கு இடையே உள்ள இணைப்புகளில் சிமெண்ட் அடைத்து, அதாவது சிமெண்ட் பாயிண்டிங் செய்து, நீர்த்தடுப்புப் பூச்சு அடிக்கலாம் என்கிறார் ஒப்பந்ததாரர். வரலாற்று இடங்களுக்கான தேசியப் பதிவேட்டில் இருப்பதால் யாரும் இடிக்க முடியாது, அரசே பணம் கொடுத்துவிடும் என்று குழுவில் சிலர் சொல்கிறார்கள். எதிலிருந்து தொடங்குவது? இதை மறுபடியும் பொதுக்கூடமாகத் திறக்க முடியுமா?

பதில்: சுவரைப் பிறகு பார்க்கலாம், முதலில் பத்திரத்தைப் பாருங்கள். இந்தக் கட்டடத்தின் உரிமையாளர் யார் என்பதற்கு ஊரில் எல்லோரும் ஒரு பதில் வைத்திருப்பார்கள். அது எழுத்தில் இருக்கும் பதிலோடு ஒத்துப்போகும் என்று நம்பிப் பணத்தை இறக்காதீர்கள்.

இப்படிச் சொல்வதற்குக் காரணம், இந்தச் சங்கம் அமைந்த விதம். 1866 ஏப்ரல் 6 அன்று இலினாய் மாநிலத்தின் டிகேட்டரில், படை மருத்துவராக இருந்த பெஞ்சமின் ஸ்டீபன்சன் தொடங்கிய கிராண்ட் ஆர்மி ஆஃப் தி ரிபப்ளிக் (ஜி.ஏ.ஆர்.) என்ற அமைப்பில், உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் பணியாற்றி நற்சான்றோடு விடுவிக்கப்பட்டவர்கள் மட்டுமே உறுப்பினராகலாம். மகனுக்கு இடமில்லை, பிற்காலப் போர்களில் பங்கேற்றவர்களுக்கும் இடமில்லை. 1890-இல் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களோடு அரசியலையே அசைத்த அந்த அமைப்பு, கடைசி உறுப்பினரான ஆல்பர்ட் ஊல்சன் உங்கள் மாநிலத்து டுலூத் நகரில் 1956-இல் இறந்ததோடு முடிவுக்கு வந்தது. ஆகவே ஒவ்வொரு ஊர்க் கிளையும், அதாவது ஒவ்வொரு போஸ்டும், தன் கட்டடத்தை என்றாவது ஒருநாள் வேறு யாரிடமாவது ஒப்படைத்தே ஆக வேண்டும் என்பதை முன்பே அறிந்திருந்தது.

யாரிடம் ஒப்படைத்தார்கள் என்பதுதான் ஊருக்கு ஊர் மாறும். சிலர் ஊராட்சிக்கு எழுதிக் கொடுத்தார்கள், சிலர் 1883-இல் உருவான பெண்கள் துணை அமைப்பான விமன்ஸ் ரிலீஃப் கோருக்கும், சிலர் உறுப்பினர்களின் மகன்கள் அமைத்த சங்கத்துக்கும் கொடுத்தார்கள், சிலர் விற்றுவிட்டார்கள். எதுவும் செய்யாமல் விட்ட இடங்களில், இறந்து பல பத்தாண்டுகளான அறங்காவலர்களின் பெயரிலேயே நிலம் இன்னும் இருக்கக்கூடும். அப்படியானால் நீதிமன்றத்தில் உரிமைத் தீர்ப்புப் பெறாமல் எந்த மானியமும் கிடைக்காது. ஊராட்சிக்குக் கொடுத்திருந்தால் பத்திரத்தில் நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள்: நினைவு மன்றமாகவே இருக்க வேண்டும், வேறு வகையில் பயன்படுத்தினால் சொத்து இன்னாருக்குத் திரும்பும் என்பது போன்ற வாசகங்கள் அந்தக் காலப் பத்திரங்களில் வருவதுண்டு. அத்தகைய நிபந்தனை இன்றும் செல்லுமா, காலத்தால் வலுவிழந்ததா என்பது மாநிலச் சட்டத்தைப் பொறுத்தது. அதைச் சொத்து வழக்குகளில் பழகிய உள்ளூர் வழக்கறிஞரே சொல்ல வேண்டும். நம் ஊர்ச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு இணையாக உங்கள் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், பதிவாளர் அலுவலகம் இருக்கிறது. அங்கே முதல் பத்திரம் வரை பின்னோக்கிப் பார்த்து நகல் எடுங்கள். கூடவே, தீக்காப்பீட்டு நிறுவனங்களுக்காக வரைந்த சான்பார்ன் வரைபடங்களையும் தேடுங்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அவற்றில் பெரும்பகுதியை இணையத்தில் வைத்திருக்கிறது. செங்கல் கட்டடம் இளஞ்சிவப்பிலும் மரக் கட்டடம் மஞ்சளிலும் காட்டப்பட்டிருக்கும். ஆண்டுவாரியாக ஒப்பிட்டால், பின்புற அறை எப்போது சேர்ந்தது, எந்தக் கதவு பின்னாளில் அடைபட்டது என்பதெல்லாம் செலவில்லாமல் தெரியும்.

அடுத்து, தேசியப் பதிவேடு. 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அந்தப் பதிவேட்டில் இடம்பெறுவது ஒரு மதிப்பு. அது காவல் அன்று. உரிமையாளர் தம் சொந்தப் பணத்தில் கட்டடத்தை மாற்றினாலும் இடித்தாலும் பதிவேடு தடுக்காது. கூட்டரசின் பணமோ அனுமதியோ அந்த வேலையில் சம்பந்தப்பட்டால் மட்டுமே, பாதிப்பு என்ன என்று ஆராய வேண்டிய கட்டாயம் எழுகிறது. அதுவும் ஆராயச் சொல்லுமே தவிர, தடை விதிக்காது. உண்மையான கட்டுப்பாடு ஊராட்சியின் மரபுப் பாதுகாப்பு விதியில்தான் இருக்கிறது. உங்கள் ஊரில் அப்படியொரு விதி இல்லையென்றால், அதை இயற்ற வைப்பது குழுவின் வேலைகளில் ஒன்றாக இருக்கட்டும்.

பணம் பற்றிய நம்பிக்கையையும் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். பலரும் சொல்லும் 20 விழுக்காட்டுக் கூட்டரசு வரிச்சலுகை வருமானம் ஈட்டும் கட்டடங்களுக்கானது. வரியே கட்டாத ஊராட்சிக்கு அதனால் நேரடிப் பயன் கிடையாது. ஆனால் மின்னசோட்டாவில் இருப்பது உங்கள் நல்வாய்ப்பு. 2008-இல் அம்மாநில வாக்காளர்கள் ஏற்ற அரசமைப்புத் திருத்தத்தின்படி 2034 வரை வசூலாகும் கூடுதல் விற்பனை வரியில் ஒரு பங்கு கலை, பண்பாட்டு மரபுக்குச் செல்கிறது; அதிலிருந்து மாநில வரலாற்றுச் சங்கம் ஊராட்சிகளுக்கும் இலாபநோக்கற்ற அமைப்புகளுக்கும் மானியம் வழங்குகிறது. முதல் விண்ணப்பத்தைச் சுவர் வேலைக்காகப் போடாதீர்கள். மரபுக் கட்டடங்களில் பழகிய கட்டடக் கலைஞர் ஒருவரைக் கொண்டு கட்டடத்தின் நிலை குறித்த அறிக்கை தயாரிப்பதற்காகப் போடுங்கள். அந்த அறிக்கை கையில் இருந்தால் பிற்பாடு பெரிய தொகை கேட்பது எளிது.

இனி சுவருக்கு வருவோம். ஒப்பந்ததாரர் சொன்ன இரண்டையும் செய்யவே கூடாது. 1880-களின் சிற்றூர்ச் செங்கல் பெரும்பாலும் மென்மையானது. நீரை உறிஞ்சும், உலரும்போது வெளியே விடும். போர்ட்லண்ட் சிமெண்டுக்கு 1824-இலேயே இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றிருந்தாலும், அமெரிக்கச் சிற்றூர்க் கொத்தனார்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி வரை சுண்ணாம்புக் காரையையே பெரிதும் நம்பினார்கள். சுண்ணாம்பு இணைப்பு செங்கல்லை விட மென்மையாக இருப்பதால், சுவருக்குள் புகுந்த ஈரம் இணைப்பு வழியாக வெளியேறும். தேய்வது இணைப்பாகவே இருக்கும். சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை அதைப் புதுப்பித்தால் போதும். இணைப்பில் கடினமான சிமெண்டை அடைத்துவிட்டால் ஈரத்துக்கு வேறு வழியில்லை. செங்கல் வழியாகவே வெளிவரும். மின்னசோட்டாக் குளிரில் அந்த நீர் செங்கல்லுக்குள் உறைந்து விரியும்போது அதன் முகம் ஓடு ஓடாகப் பெயர்ந்து விழும். நீங்கள் காணும் உதிர்வுக்கே முன்பு எப்போதோ நடந்த சிமெண்ட் வேலை காரணமாக இருக்கலாம். நீர்த்தடுப்புப் பூச்சு இந்தத் தொல்லையை இன்னும் மோசமாக்கும். மழைநீரைத் தடுப்பதைக் காட்டிலும் உள்ளே இருக்கும் ஈரத்தைச் சிறைவைப்பதில்தான் அது திறமையானது. மணல் பீய்ச்சித் தூய்மை செய்யலாம் என்று யாராவது சொன்னால் அதையும் மறுத்துவிடுங்கள். சூளையில் வெந்து இறுகிய மேல்தோலை அது உரித்துவிடும்.

முதலில் நீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். உதிர்வு கூரைக்கு அருகே, கைப்பிடிச் சுவரையொட்டி இருந்தால் அதன் மேல்மூடியும் கூரை சேரும் இடத்துத் தகடும் பழுதாகியிருக்கும். இந்த மன்றங்களில் சில கோட்டைபோல் மதிலுச்சி வைத்துக் கட்டப்பட்டவை என்பதால் அங்கே நீர் தேங்க இடம் அதிகம். ஒரு மூலையில் மட்டும் இருந்தால் மழைநீர்க் குழாயைச் சோதியுங்கள். தரையிலிருந்து இரண்டடிக்குள் இருந்தால், நடைபாதையில் பனி உருகத் தூவும் உப்பையும் சுவரோரம் உயர்ந்துவிட்ட மண்ணையும் சந்தேகியுங்கள். இவற்றைச் சரிசெய்து ஒரு குளிர்காலம் கடந்த பின்னும் உதிர்வு தொடர்கிறதா என்று கவனியுங்கள். பாயிண்டிங்குக்கான மதிப்பீட்டில் கணிசமான பகுதி அப்போது தேவையற்றுப் போகலாம்.

பாயிண்டிங் தேவைப்படும் இடங்களில், பழைய காரையின் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி, மணலின் நிறத்தையும் கலவையையும் அறிந்து அதற்கேற்பச் செய்யுங்கள். சிமெண்ட் சேர்த்தே ஆக வேண்டுமென்றால், ஒரு பங்கு சிமெண்டுக்கு இரண்டு பங்கு சுண்ணாம்பும் ஒன்பது பங்கு மணலும் சேர்ந்த, அங்கே ஓ வகை எனப்படும் கலவையைத் தாண்டாதீர்கள். மிக மென்மையான செங்கல்லுக்கு அதுவும் கடினமே, தனிச் சுண்ணாம்பே நல்லது. பழைய காரையை இணைப்பின் அகலத்தைப் போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு ஆழத்துக்கு எடுக்க வேண்டும், 10 மி.மீ. இணைப்பென்றால் குறைந்தது 20 முதல் 25 மி.மீ. செங்குத்து இணைப்புகளில் அறுவை எந்திரத்தைப் பயன்படுத்தாமல் உளியால் எடுக்கச் சொல்லுங்கள். எந்திரம் மேலும் கீழும் இருக்கும் செங்கல்லை வெட்டிவிடும். முன்பு வைத்த சிமெண்ட் இறுகப் பிடித்திருந்து அருகிலுள்ள செங்கல்லும் நன்றாக இருந்தால் அதைத் தொடாமல் விடுவதே மேல், ஏனெனில் பெயர்க்கும்போது செங்கல்லின் ஓரமும் சேர்ந்து வரும். புதுக் காரை சில நாட்கள் ஈரச் சாக்குக்குக் கீழ் இருக்க வேண்டும். வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கக் கூடாது. உங்கள் ஊரில் இந்த வேலைக்கு மே முதல் செப்டம்பர் வரைதான் காலம்.

பொதுக்கூடமாகத் திறக்க முடியும். திறக்க வேண்டும் என்பதே என் கருத்து. மின்னசோட்டாவின் லிட்ச்ஃபீல்டில் 1885-இல் கோட்டை வடிவ முகப்போடு கட்டிய மன்றம், உறுப்பினர்களின் உருவப்படங்கள் சுவரில் இருக்க, அருங்காட்சியகமாக நன்றாகவே நடக்கிறது. நேரில் சென்று அங்குள்ளவர்களிடம் பேசுங்கள். ஆனால் ஒவ்வொரு சிற்றூரும் ஓர் அருங்காட்சியகத்தைத் தாங்க முடியாது. கூடுவதற்காகக் கட்டிய அறையில் ஊரார் கூடினால் கூரை ஒழுகுவது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும்.

திறப்பதற்கு முன் கட்டட ஆய்வாளரைக் கலந்து பேசுங்கள். அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் கட்டட விதியின்படி, மேசை நாற்காலி போட்ட கூடத்தில் ஆளுக்கு 15 சதுர அடி என்று கணக்கிடுவார்கள். 900 சதுர அடிக் கூடமென்றால் 60 பேர். 49 பேருக்கு மேல் போனாலே இரண்டாவது வெளியேறும் வழி தேவை. எனவே அடைபட்ட பின்கதவு ஒன்று இருந்தால் அதைத் திறப்பதுதான் உங்கள் திட்டத்தின் உயிர்நாடி. சக்கர நாற்காலிக்கான சாய்தளத்தையும் அந்தப் பக்கமே அமைத்தால் முகப்புப் படிகள் தப்பும். உள்ளே, ஒரு முனையில் தலைவருக்கும் எதிர்முனையில் துணைத்தலைவருக்கும் சிறு மேடைகள், நடுவில் விவிலியம் வைக்கும் பீடம், சுவரோரம் நாற்காலிகள் என்ற அமைப்பு ஜி.ஏ.ஆரின் சடங்கு முறையோடு சேர்ந்தது. தரையைச் சமப்படுத்துகிறோம் என்று அந்த மேடைகளைப் பெயர்த்துவிடாதீர்கள்.

எந்தப் பொருளையும் நகர்த்தும் முன் ஒவ்வொன்றையும் இருந்த இடத்திலேயே படமெடுத்துப் பட்டியலிடுங்கள். பென்சில்வேனியாவின் கார்னெகி நகரில், நூலகக் கட்டடத்துக்குள் இருந்த கேப்டன் தாமஸ் எஸ்பி போஸ்டின் அறை, உறுப்பினர்கள் மறைந்த பின் பல பத்தாண்டுகள் பூட்டிக் கிடந்து நீர் புகுந்து சீரழிந்தது. 2010-இல் அதை மீட்டுத் திறந்தபோது, உறுப்பினர்களே 1911-இல் வெளியிட்டிருந்த பொருட்பட்டியல் பெரிதும் கைகொடுத்தது. உங்கள் அலமாரியிலும் அப்படியொன்று இருக்கலாம். கூட்டக் குறிப்பேடுகளை மாநில வரலாற்றுச் சங்கத்திடம் காட்டுங்கள். பட்டுக்கொடி மடித்திருந்தால் விரிக்க வேண்டாம், மடிப்பிலேயே கிழியும். பீரங்கிக் குண்டு ஏதேனும் காட்சிக்கு வைத்திருந்தால் அதைத் தூக்கவோ துடைக்கவோ துளையிடவோ கூடாது. உள்நாட்டுப் போர்க் காலக் குண்டுகளில் மருந்து உயிரோடிருந்து இன்றும் வெடித்ததுண்டு. கதவைச் சாத்திவிட்டுக் கவுண்டிக் காவல்துறையான ஷெரிஃப் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். வெடிபொருள் பிரிவினர் வந்து பார்த்த பிறகே பட்டியல் வேலையைத் தொடருங்கள்.