60 கிலோவாட் சார்ஜரிலும் டியாகோ இவிக்கு ஒரு மணி நேரம்: அடுத்த மாடலுக்குக் காத்திருக்கலாமா?

மதுரையிலிருந்து திரும்பும்போது சாத்தூர் பக்கம் உங்க டாடா டியாகோ மின்சாரக் காரை 60 கிலோவாட் சார்ஜரில் போட்டும் ஒரு மணி நேரம் ஆகுதுன்னு கேட்டிருக்கீங்க அண்ணாச்சி. அது சார்ஜர் கோளாறு இல்லை, வண்டி சார்ஜ் ஏத்துற வேகமே அவ்வளவுதான். மென்பொருள் அப்டேட் வந்தா வேகம் கூடும்னு நம்பி இருக்காதீங்க.

கணக்கு இதுதான்: 24 யூனிட் (கிலோவாட்-மணி) பேட்டரியில் 10லிருந்து 80 சதவீதம்னா 16.8 யூனிட். கம்பெனி சொல்ற நேரமே ஏறக்குறைய ஒரு மணி. அப்போ சராசரி 17, 18 கிலோவாட்தான். சார்ஜர் எவ்வளவு பெரிசா இருந்தாலும், பேட்டரி கேட்கிற அளவுதான் உள்ளே போகும்.

ஒண்ணு மட்டும் சோதிங்க. 20, 50, 80 சதவீதத்தில் சார்ஜர் திரையில் வர்ற கிலோவாட்டைக் குறிச்சுக்கிடுங்க. 50 சதவீதத்திலேயே 10 கிலோவாட்டுக்குக் கீழ இருந்தா, அதே சார்ஜரோட பக்கத்து சார்ஜிங் கன்னில் (வண்டியில் செருகுற கைப்பிடி) இன்னொரு வண்டி பங்கு போடுதான்னு பாருங்க. அதுவும் இல்லைன்னா சூடு. சித்திரை வெயிலில் நாலுவழிச் சாலையில் நூறில் விரட்டிட்டு வந்து உடனே செருகினா பேட்டரி தானாகவே வேகத்தைக் குறைக்கும்.

அடுத்த மாடல் வந்ததும் விளம்பரத்தில் உள்ள உச்ச கிலோவாட்டைப் பார்க்காதீங்க, அது சில நிமிஷக் கூத்து. பேட்டரி யூனிட்டை 0.7ஆல் பெருக்கி, 10–80க்கு ஆகும் நிமிஷத்தால் வகுத்து, 60ஆல் பெருக்குங்க. வர்றதுதான் சராசரி கிலோவாட். அது 30க்கு மேல வந்தா மாத்துறதில் அர்த்தம் இருக்கு. பேட்டரி மட்டும் பெரிசாகி இந்த எண் அப்படியே இருந்தா, காத்திருப்பு இன்னும் கூடும்.

வீட்டுக்கு 7.2 கிலோவாட் ஏசி (வீட்டு மாறுமின்னோட்ட) சார்ஜர் எடுக்கிறதா இருந்தா 32 ஆம்பியர் தனி லைன் வேணும். முதல்ல உங்க மின் இணைப்புக்கு எத்தனை கிலோவாட் அனுமதி (அனுமதிச் சுமை) இருக்குன்னு பாருங்க.