லாரி ஜாயிண்ட் கிராஸ்: பட்டறை அண்ணாச்சி பதில்கள்

தென்காசியிலிருந்து ஒரு டிரைவர்: அண்ணாச்சி, வண்டி ஏழு லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. எம்-சாண்ட் ஏற்றிக்கொண்டு புளியரை மேடு ஏறும்போது, கிளச்சை விட்டதும் அடியில் ‘டணக்’ என்கிறது. பின் அச்சில் பல்சக்கரங்கள் இருக்கும் ஹவுசிங்கை இறக்கணும் என்கிறார்கள்.

பதில்: அவசரப்படாதீர்கள் தம்பி, முதலில் கிராஸைப் பாருங்கள். கியர்பாக்ஸிலிருந்து பின் சக்கரங்களுக்குச் சுற்றலைக் கொண்டுபோகும் ஷாஃப்டின் மூட்டில், அதாவது ஜாயிண்டில், இருக்கும் கூட்டல்குறி வடிவத் துண்டுதான் அது. சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் போடுங்கள். ஜாயிண்டின் இரண்டு பக்கமும் கிராஸைத் தாங்கும் கவை போன்ற யோக்கைப் பிடித்து எதிரெதிராகத் திருகுங்கள், மேலும் கீழும் அசையுங்கள். கொஞ்சம் ஆட்டம் தெரிந்தாலே கிராஸ் முடிந்தது. கிராஸின் நுனிகளை மூடியிருக்கும் கப்பைச் சுற்றித் தேரி மணல் போலச் சிவப்பாகத் துருப்பொடி இருந்தால், உள்ளே கிரீஸ் வற்றி ஊசி ரோலர்கள் அரைபடுகின்றன என்று அர்த்தம். கிராஸ் எல்லாம் இறுக்கமாக இருந்தும் ஷாஃப்ட் மொத்தமாக அதிகம் திரும்பினால், அப்புறம் ஹவுசிங்கைச் சந்தேகப்படலாம்.

வள்ளியூர்: புது கிராஸ் போட்டதிலிருந்து நாலுவழிச் சாலையில் அறுபதைத் தாண்டினால் வண்டி நடுங்குகிறது. முன்னால் இப்படி இல்லை.

பதில்: அடையாளம் வைக்காமல் கழற்றியிருப்பார்கள் என்பதே என் முதல் சந்தேகம். சாய்ந்த கோணத்தில் ஓடும் ஜாயிண்ட் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகத்தைக் கூட்டிக் குறைத்துத்தான் அடுத்த பக்கம் கொடுக்கும். மறுமுனை ஜாயிண்ட் அதைச் சரிக்கட்டிவிடும். ஆனால் ஷாஃப்டின் இரண்டு முனை யோக்கும் ஒரே வரிசையில் நிற்கணும். ஷாஃப்டின் துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று சொருகும் பல்வரிசையான ஸ்ப்ளைனைப் பல் மாற்றிச் சொருகினால் அந்தக் கணக்கு கெட்டுப்போகும். ஸ்ப்ளைனின் இரண்டு பக்கமும் அம்புக்குறி இருக்கிறதா பாருங்கள், இருந்தால் நேருக்கு நேர் சேருங்கள். அதே வேகத்தில் வேறு கியரிலும் ஓட்டிப் பாருங்கள். இன்ஜின் சுற்று மாறியும் நடுக்கம் மாறவில்லையென்றால் இன்ஜினை விட்டுவிடலாம். வரிசை சரியாக இருந்தால் அடுத்து ஷாஃப்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங் ரப்பரையும், ஷாஃப்டில் ஒட்டியிருந்த பேலன்ஸ் தகடு விழுந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

அம்பாசமுத்திரம்: மூன்று கிராஸில் ஒன்றுதான் ஆடுகிறது. மூன்றையும் மாற்றணுமா?

பதில்: மாற்றிவிடுங்கள். மூன்றும் ஒரே ஓட்டம் ஓடியவை, ஷாஃப்டை இறக்கும் கூலியும் ஒன்றுதான்.

திசையன்விளை: புதுக் கப் முழுசாக இறங்கவில்லை, கப்பைப் பூட்டும் சர்கிளிப் வளையத்தின் பள்ளம் தெரியவில்லை. சுத்தியலால் அடிக்கலாமா அண்ணாச்சி?

பதில்: வேண்டாம். ஊசி ஒன்று சாய்ந்து கப்பின் அடியில் கிடக்கும். கப்பை வெளியே எடுத்து, கிரீஸ் தடவி ஊசிகளை ஓரத்தில் ஒட்டவைத்து, கிராஸைக் கப்புக்குள் பிடித்தபடி வைஸில் அழுத்துங்கள். மாட்டியபின் கையாலேயே எல்லாப் பக்கமும் ஆடணும். இறுகியிருந்தால் கப் உட்காரும் யோக் காதில் மரச் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். மாறாக, கப் கைவிரல் அழுத்தத்திலேயே உள்ளே போனால் யோக் ஓட்டை தேய்ந்திருக்கிறது. பஞ்ச் உளியால் ஓட்டையைக் குத்தி இறுக்கித் தருகிறேன் என்பார்கள், எனக்கு அதில் சம்மதமில்லை. யோக்கையே மாற்றுங்கள்.

நாங்குநேரி: வண்டியைக் கியரில் போட்டுவிட்டு ஷாஃப்டைக் கழற்றலாம்தானே?

பதில்: அய்யோ, அதை நம்பி அடியில் போகாதீர்கள்! ஷாஃப்ட் இறங்கியதும் கியருக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே கிடையாது. சில பழைய வண்டிகளில் ஹேண்ட் பிரேக்கும் கியர்பாக்ஸ் பின்னால்தான் இருக்கும், அதுவும் பிடிக்காது. இரண்டு பக்கமும் நல்ல கட்டை கொடுத்துவிட்டுப் போல்ட்டில் கை வையுங்கள்.

மறுபடியும் தென்காசி: சரி, கிரீஸ் எவ்வளவு அடிக்கணும்?

பதில்: நான்கு கப் ஓரத்திலும் பழைய கிரீஸ் வெளியே தள்ளும் வரை. ஒன்றில் மட்டும் வரவில்லையென்றால் ஷாஃப்டை அசைத்துக்கொண்டே அடியுங்கள். அப்போதும் வராவிட்டால் அந்த வழி அடைத்திருக்கிறது, கழற்றித்தான் ஆகணும். ஐப்பசி, கார்த்திகையில் ரோட்டுத் தண்ணீரில் இறங்கி ஏறினால், கம்பெனி சொன்ன கிலோமீட்டர் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.