குவாரி மண் குளத்தை மூடினால் யாரிடம் போவது?

கேள்வி: எங்கள் ஊர் நாங்குநேரி பக்கம். பொத்தை (சிறு பாறைக் குன்று) அடிவாரத்தில் கல்குவாரியும், கல் உடைக்கும் கிரஷரும் ஓடுகின்றன. குவித்து வைத்த மேல்மண்ணும் கிரஷர் தூசியும் ஐப்பசி மழையில் ஓடை வழியாக இறங்கி, குளத்து மடையையே மூடிவிட்டன. பிசான நெல் சாகுபடிக்குத் தண்ணீர் நிற்கவில்லை. “பெர்மிட் இருக்கு, காய்ஞ்ச ஓடைதானே, மண்ணு பொத்தையிலிருந்து தானா அரிச்சு வருது” என்கிறார் குவாரிக்காரர். என்ன செய்யலாம் சார்?

பதில்: தூர்வார ஜேசிபி பேசியிருந்தால் கொஞ்சம் பொறுங்கள். அந்த வண்டல்தான் உங்கள் சாட்சி. மேலும், வட்டாட்சியரின் அனுமதி இல்லாமல் அள்ளினால் கனிமத் திருட்டு என்று வழக்கு உங்கள் மேலேயே திரும்பும்.

காய்ந்த ஓடை என்ற பேச்சு எடுபடாது. 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தில், தற்சமயம் வறண்டு கிடக்கும் நீர்வழியும் ஓடைதான். மாசுபடுத்தும் பொருளைத் தெரிந்தே அதில் இறங்கவிடுவதை 24-ஆம் பிரிவு தடுக்கிறது.

‘தானா அரிச்சு வருது’ என்பதுதான் சிக்கலானது, ஏனென்றால் அதில் பாதி உண்மை. ஆடு மேய்ந்து மொட்டையான பொத்தையில் மண் அரிக்கத்தான் செய்யும். அதனால் குவாரிக்கு மேலே ஓடை மண், கீழே ஓடை மண், குளத்து மண் மூன்றையும் ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். குளத்தில் முழங்கால் ஆழம் தோண்டிப் பாருங்கள். அடியில் பழைய களிமண்ணும் அதற்கு மேல் சாம்பல் நிறத்தில் நறநறவென்று ஒரு படிவும் தெரிந்தால் கிரஷர்மேல் சந்தேகம் வலுக்கும். உடைத்த கல்லின் துகளுக்கு முனை கூராக இருக்கும். ஓடையில் வெகுதூரம் உருண்டு வந்த மணலில் முனை மழுங்கியிருக்கும். ஆனால் நீங்களே பையில் கட்டிக் கொண்டுபோகும் மண்ணை எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே கேள்வியில் தள்ளிவிடுவார். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டப் பொறியாளரும் கனிமவளத் துறையும் கூட்டாக ஆய்வு செய்து, உங்கள் முன்னிலையில் மாதிரி எடுக்க வேண்டும் என்று கலெக்டரிடம் மனு கொடுங்கள்.

அப்புறம் பெர்மிட். 2012-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து, 5 ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். அதன் நிபந்தனைகளில் சுற்று வடிகாலும் மண் படியும் தொட்டியும் பெரும்பாலும் இருக்கும். ஜூன் 1, டிசம்பர் 1 என வருடம் இருமுறை, நிபந்தனைகளை நிறைவேற்றியது பற்றிக் குவாரிக்காரர் அறிக்கை தர வேண்டும். அது பொது ஆவணம். தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிப் பாருங்கள். காகிதத்தில் வடிகால் இருந்து நேரில் இல்லையென்றால், அங்கேயே பாதி வழக்கு முடிந்தது.

மனு கொடுத்தாச்சு, பதில் வரட்டும் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் தடை கேட்க, பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம்தான். தக்க காரணம் இருந்தால் இன்னும் 60 நாள். இழப்பீடும் குளத்தைச் சீரமைக்கும் செலவும் கேட்க 5 ஆண்டு உண்டு. தென்மண்டல அமர்வு சென்னையில். குளத்துப் பாசனத்தில் நிலம் உள்ள ஆயக்கட்டுதாரர்கள் எல்லோரும் சேர்ந்தே வழக்குப் போடுங்கள்.

அடுத்த மழைக்குள் ஓடையைத் திறந்துவிட வேண்டுமென்றால், சேரன்மகாதேவி சார் ஆட்சியரிடம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்தது) 152-ஆம் பிரிவின்கீழ், பொதுத் தொல்லையை அகற்றச் சொல்லித் தனி மனு கொடுக்கலாம். ஓடைப் புறம்போக்கு என்று காட்டும் ‘அ’ பதிவேட்டு (கிராம நிலங்களின் வருவாய்ப் பதிவேடு) நகலை அதோடு இணைக்க மறக்காதீர்கள்.